ஆடு எறங்குன கொல்லை

தம்பி, செத்த தள்ளி ஒக்காருங்க. இல்ல இல்ல, ஜன்னலோரம் நீங்களே வச்சிக்குங்க, எனக்கு இந்த ஓரந்தான் தோது. இங்கேர்ந்து பாத்தாத்தான் அந்தப் பொம்பளை தெரியுது. ரெண்டு சீட்டு முன்னால, பச்சைச் சேலை, தலையில பொட்டு எண்ணெய் கெடையாது. பாத்தீங்களா? மடியில ஒரு காயிதத்தைச் சுருட்டி வச்சிக்கினு கையை எடுக்காம ஒக்காந்திருக்கா. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவியிருக்கு.

அந்தக் காயிதத்தோட அவ கோயில் ஸ்டாப்புல எறங்கக் கூடாது. அவ்வளவுதான் தம்பி எனக்கு வேணும். நீங்க எழுந்து போயி, 'யம்மா, எறங்க வேணாம், வூட்டுக்குத் திரும்பிப் போங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். படிச்ச புள்ளையா தெரியறீங்க. வெளியூரு வேற. நீங்க சொன்னா கேப்பா.

நான் சொல்லக் கூடாது. ஜாமீன்ல இருக்கறன். சாட்சிங்க கிட்ட வாயைத் தொறந்தா மறுபடியும் உள்ளதான்னு வக்கீலு படிச்சிப் படிச்சிச் சொல்லியிருக்காரு. அவதான் மொத சாட்சி. ஆனா பஸ்ல பக்கத்துல இருக்கறவருகிட்ட பேசாதன்னு எந்த ஜட்ஜும் சொல்லலயே? அதான் உங்ககிட்ட சொல்றன். கொஞ்சம் சத்தமாவே சொல்றன். அவ காதுல வுழுந்தா வுழட்டும்.

அட, ஏன் தம்பி பையை எடுத்து மடியில வச்சிக்கிறீங்க? பயப்படாதீங்க. கொலைக் கேசுதான். ஆனா நான் கொலகாரன் இல்ல. ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க, காத்தமுத்துன்னா எப்படிப்பட்ட ஆளுன்னு. அடுத்தவன் பொருள்னா எனக்கு வெசம். அது மாதிரி என் பொருளை எவனாச்சும் தொட்டா, அவனுக்கு நான் வெசம்.

அந்தக் கோயில் சேதி தெரியாதா உங்களுக்கு? அங்க சாமிக்கு அர்ச்சனையைக் காட்டியும் பிராதுதான் சாஸ்தி. போலீஸ் டேசன்ல எழுதிக் குடுக்கறோம் பாருங்க, அதே மாதிரி சாமிக்கு மனு எழுதணும். இன்ன ஊர்ல இன்னார் மவன் இன்னார் எழுதிக்கறது, எனக்கு இன்ன அநியாயம் நடந்துபோச்சி, நீதான் வந்து கேக்கணும்னு. நம்ம ஊருக்கும் கோயிலுக்கும் எத்தனை கிலோமீட்டரோ அதுக்குத் தகுந்தாப்புல சாமிக்குப் படிக்காசு கட்டணும். வந்து போவணுமில்ல? சாமின்னா சும்மா வருமா? மனுவை மடிச்சி வேல்ல கட்டிட்டா முடிஞ்சுது. தொண்ணூறு நாளைக்குள்ள சாமி தீர்ப்புச் சொல்லிடும். கை போனவன் இருக்கான், கண்ணு போனவன் இருக்கான். வம்சமே அத்துப் போனதும் உண்டு. கட்டினவங்களோ அவங்க வூட்டு ஆளுங்களோ வந்து, எனக்குக் கொறை தீந்துதுன்னு எழுதிக் குடுத்து வாபஸ் வாங்கினாத்தான் சாமி வுடும். 

கோர்ட்டுக்கு நான் பயப்படல தம்பி. கோர்ட்டு பத்து வருசம் இழுக்கும், அதுக்குள்ள நானே போய்ச் சேந்துடுவன். சாமிதான். எனக்கு ஒரே மவன். ஞானவேலுன்னு பேரு. மருமவளுக்கு இது ஏழாம் மாசம். இப்ப அந்தப் பச்சைச் சேலைக்காரி என் பேர்ல பிராது கட்டினான்னு வச்சிக்குங்க, அடி எங்க போயி வுழும்? என் தலையில வுழுந்தா வாங்கிக்கறன். அவன் தலையில வுழுந்தா?

மொதல்லேர்ந்து சொல்றன். அப்பதான் உங்களுக்கு ஞாயம் புரியும்.

எனக்கு ஏழு காணி முந்திரிக்கொல்லை. எங்கப்பன் சம்பாதிச்சது ரெண்டு, மீதி என் ஒடம்பு. மாசியில பூ எடுத்தா சித்திரை வைகாசி வரைக்கும் கொட்டை பொறுக்கற வேலைதான். களத்துல காய வச்சி, மூட்டை புடிச்சி, கொட்டாயில அடுக்கி வச்சிருந்தன். விலை ஏறட்டும்னு வச்சிருந்தன். மருமவளுக்கு வளைகாப்பு, அப்புறம் பேறுகாலம், எல்லாம் அதுலதான்.

சித்திரையில தேரு. ஊரே தேரிழுக்கப் போயிட்டுது. நானும் என் சம்சாரமும் போயிட்டம். ஞானவேலு மட்டும் வயித்து வலின்னு வூட்டுல படுத்துக்கிட்டான். சாயங்காலம் வந்து பாக்கறன், கொட்டாயில ஆறு மூட்டையைக் காணம். பூட்டு ஒடையல தம்பி. சாவி போட்டுத் தொறந்து, எடுத்துக்கினு, திரும்பப் பூட்டிட்டுப் போன மாதிரி இருக்குது. என்னா நெஞ்சழுத்தம் பாருங்க! கள்ளச்சாவி போட்டிருக்கான். பாவம், எம்மவன் மாத்திரையைப் போட்டுட்டு அடிச்சிப் போட்ட மாதிரி தூங்கியிருக்கான், ஒரு சத்தமும் கேக்கலயாம். என்னைப் பாத்து அழுவறான். 'என்னாலதாம்ப்பா போச்சி'ன்னு சொல்றான். அவ்வளவு பொறுப்பு. நாந்தான் தட்டிக் குடுத்தன்.

அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிபோச்சி. கொட்டாயில எது எங்க இருக்குதுன்னு தெரிஞ்சவன் எங்க வூட்டு ஆளுங்களை வுட்டா ஒருத்தன்தான். கொளஞ்சி. அந்தா ஒக்காந்திருக்காளே அஞ்சலாட்சி, அவ புருசன். காலனி ஆளு. பன்னண்டு வருசமா என்கிட்ட வேலை பாத்தவன். நான் சாதி பாக்கறவன் இல்ல தம்பி, நல்லா வேலை செய்வான், அவனுக்குன்னு தனியா ஒரு டம்ளரே வச்சிருந்தன். தேருக்கு முந்தின வாரந்தான் வந்து தலையைச் சொறிஞ்சிக்கினு நின்னான், பொண்ணு காலேஜுக்குக் கட்டணும்னு. அப்புறம் பாக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டன். ஒரு வாரத்துல மூட்டை போச்சின்னா என்னா அர்த்தம்? ரெண்டும் ரெண்டும் நாலுதானே?

கூப்புட்டு வச்சிக் கேட்டன். நாக்கு ஒளறுது. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? 'ஐயா, பன்னண்டு வருசத்துல ஒரு கொட்டையை மடியில முடிஞ்சிருப்பனா'ன்னு கேக்கறான். இனிமே கொல்லைப் பக்கம் காலை வச்சா காலு இருக்காதுன்னு சொல்லி வெரட்டி வுட்டன். போறப்ப என்னா சொன்னான் தெரியுமா? 'என் பேரு கெட்டுப்போச்சிங்க. நான் போயி சாமிகிட்ட பிராது கட்டறன். எடுத்தவன் யாருன்னு சாமி காட்டட்டும்'னான். திருடனே போயி திருட்டுக்குப் பிராது கட்டுவானா? ஊரை ஏமாத்த ஒரு பேச்சு. நான் சிரிச்சிட்டன்.

டேசன்ல எழுதிக் குடுத்தன். வந்து பாத்தாங்க, டீ குடிச்சாங்க, போனாங்க. போச்சி. யாரு நமக்கு இருக்கா? ராத்திரி பகல்னு பாக்காம வேர்வை சிந்தின பொருளு. அன்னிக்கு மந்தையில நின்னு சொன்னன். ஊரு சனம் மொத்தமும் கேட்டுச்சி. 'எவனா இருந்தாலும் சரி, என் கொட்டையைத் தொட்டவன் என் கையில மாட்டினா உசுரோட போவமாட்டான். என் மவனா இருந்தாலும் அதே அடிதான்'னு சொன்னன். டேசன்லயும் அதையேதான் சொன்னன். இப்ப உங்ககிட்டயும் சொல்றன். திருட்டுன்னு வந்துட்டா எனக்கு மவன் கெடையாது, மச்சான் கெடையாது.

அந்த வார்த்தையைக் கேட்டு எம்மவன் முகம் எப்படிப் போச்சின்னு நெனைக்கறீங்க? வெளுத்துப்போச்சி. அப்பா மேல அவ்வளவு பாசம். அப்பா ஏதாச்சும் செஞ்சிட்டு ஜெயிலுக்குப் போயிடுவாரோன்னு பயம்.

சரி, வைகாசிக் கடைசி. இப்ப நான் சொல்றதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க, வக்கீலும் இதைத்தான் புடிச்சிக்கினு தொங்கறாரு. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்கின கொல்லையில மண்ணுல தங்கிப்போன தப்புக்காய் பொறுக்க வுடுவாங்க இல்ல, அது மாதிரி முந்திரியிலயும் கடைசியா தப்புக் கொட்டை பொறுக்க வுடணும். எப்ப வுடறதுன்னா, சொந்தக்காரன் கொல்லைக்குள்ள ஆட்டை எறக்குவான். கெடை போடறதுக்கு. ஆட்டுப் புழுக்கை எருவுக்கு ஆச்சி, ஆட்டுக்கு உதுந்த பழமும் தழையும் ஆச்சி. ஆடு எறங்கிட்டா கொல்லை ஊருக்குன்னு ஒரு பேச்சு. யாரு வேணா வந்து பொறுக்கலாம். கேக்கத் தேவையில்ல. ஆடு எறங்கறதுதான் தண்டோரா.

அந்த வருசம், அதாவது இந்த வருசம், கெடைக்காரரு முன்னாலயே வந்துட்டாரு. ராமநாதபுரத்துக்காரரு, ரொம்ப நாளாப் பழக்கம். இந்த வாரம் வுட்டா அடுத்து மணிமுத்தாத்துப் பக்கம் போயிடுவன், அப்புறம் ஆடு கெடைக்காதுங்கறாரு. எருவுக்கு நான் எங்க போவறது? வுடச் சொல்லிட்டன். ஆனா கெழக்கால மரத்துல இன்னும் கொட்டை இருந்துது தம்பி. பின்பூவுல காய்ச்சது. அதனால மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டு மேக்கால பாதிக்கு மட்டுந்தான் ஆடு வுட்டன். நடுவுல வேலி இருக்குதான்னு வக்கீலு கேட்டாரு. வேலி எதுக்கு? என் கொல்லையில எது பாதின்னு எனக்குத் தெரியாதா? ஆடு கெழக்கால போயிருந்தா அது ஆட்டோட தப்பு. ஊர்ல யாருகிட்டயாச்சும் சொன்னீங்களான்னு கேட்டாரு. அதை எதுக்குப் போயி ஊர்ல சொல்லணும்?

ஆடு எறங்கி நாலாம் நாளு காலையில, ஒம்பது ஒம்போதரை இருக்கும், ஞானவேலு ஓடியாறான். 'அப்பா, கொளஞ்சி கெழக்காலக் கொல்லையில நிக்கறான், பையில கொட்டை இருக்குது'ன்னான். இன்னும் ஆறேழு பேரு நின்னாங்க, பொம்பளைங்கதான் சாஸ்தி. ஆனா எம்மவன் கண்ணுக்கு அவன்தான் பட்டிருக்கான். பல நாள் திருடன் ஒரு நாள் அம்புடுவான்னு சொல்லுவாங்களே, அதேதான். எனக்கு ஒடம்பெல்லாம் தீப்புடிச்சாப்புல ஆயிப்போச்சி. தொரட்டியை எடுத்துக்கினு ஓடினன். தொரட்டி தெரியுமில்ல? கெளையை வளைச்சி ஒலுக்கற மூங்கில் கழி. முத்தின மூங்கிலு.

அவன் ஓடல. அது ஒண்ணுதான் எனக்கு இன்னிக்கும் புரியல. என்னைப் பாத்ததும் கும்புட்டான். 'வாங்கய்யா, ஆடு எறங்கிடிச்சேன்னு பொறுக்க வந்தம்'னான். மொத அறை எம்மவன்தான் வுட்டான். நான் கூட அப்படி எதிர்பாக்கல, சாதுவான புள்ளை. 'திருட்டு நாயே'ன்னு சொல்லி வுட்டான் பாருங்க, கொளஞ்சி வாயிலேர்ந்து ரத்தம் வந்துட்டுது. அப்புறம் எம்மவன் அந்தப் பக்கமா போயி குந்திக்கினு வாந்தி எடுத்தான். ரத்தம்னா ஆவாது அவனுக்கு.

சத்தம் கேட்டு எங்க தெரு ஆளுங்க பத்துப் பேரு வந்துட்டாங்க. களத்தோரம் ஒரு பலாமரம் நிக்குது. அதுல கட்டினம். வண்டிக் கயிறு. இப்பக் கேட்டா ஒருத்தனும் நான் அங்க இல்லங்கறான். கயிறு கொண்டாந்தவன் இல்லங்கறான், காலைப் புடிச்சவன் இல்லங்கறான், மோட்டாரு பெல்ட்டால முதுவைக் கிழிச்சவன் மாமியா வூட்டுக்குப் போயிருந்தன்னு எழுதிக் குடுத்திருக்கான். எல்லாத்தையும் நான் ஒருத்தனே அடிச்ச மாதிரி கேசு. ஊரு ஞாயம் பாத்தீங்களா?

'மூட்டை எங்கடா'ன்னு கேட்டன். தெரியாதுங்கறான். கணுக்கால்ல ஒண்ணு வுட்டன். ஒடைஞ்ச சத்தம் கேட்டுது. 'எங்கடா வித்த'ன்னு கேட்டன். 'சத்தியமா தெரியாதுய்யா, பிராது கட்டியிருக்கன், தொண்ணூறு நாளு பொறுத்துக்குங்க, சாமி காட்டும்'னான். எனக்கு எங்கேர்ந்துதான் அவ்வளவு கோவம் வந்துதோ! நான் அங்க வயிறெரிஞ்சி கெடக்கறன், இவன் எனக்கு நாளு குறிக்கறான். அவன் பையைக் கொட்டிப் பாத்தன். ஒரு ரெண்டு படி இருக்கும். பச்சைக் கொட்டை. ஒண்ணை எடுத்து வாயில வச்சி, கடிடான்னன்.

உங்களுக்குத் தெரியாது தம்பி, நீங்க வறுத்து உப்புப் போட்ட பருப்பைத்தான் பாத்திருப்பீங்க. பச்சைக் கொட்டையோட ஓட்டுல பாலு இருக்கும். கையில பட்டா தோலு உரிஞ்சி வந்துடும். ஆசிட்டே தேவையில்ல, அப்படி வெந்துபோவும். கடிக்க மாட்டன்னு பல்லைக் கடிச்சிக்கினான். தாடையில குத்தினன், தொறந்துது. அஞ்சோ ஆறோ கடிக்க வச்சன். ஒதடு வெந்து ஊதிப்போச்சி, நாக்கு வெளிய வந்துட்டுது. பேச்சு கொழகொழன்னு ஆயிட்டுது. அப்பவும் சாமி சாமிங்கறான்.

அஞ்சலாட்சி சொம்புல தண்ணி எடுத்துக்கினு ஓடியாந்தா. ஆமாம், தட்டி வுட்டன். மறைக்கல. கோர்ட்டுல அவ அதைத்தான் பெருசா சொல்லப் போறாளாம். ஆனா ஒண்ணு சொல்றன் கேளுங்க. கொட்டைப் பாலு பட்ட வாயிக்குத் தண்ணி ஆவாது. எரிச்சல் சாஸ்தியாவும். தேங்கா எண்ணெய்தான் தடவணும். அப்ப நான் தண்ணியைத் தட்டி வுட்டது அவன் நல்லதுக்குத்தானே? எண்ணெய் தடவினீங்களான்னு கேக்கறீங்களா? அந்த நேரத்துல எண்ணெய்க்கு எங்க போவறது!

வெயிலு உச்சிக்கு வந்துட்டுது. எனக்கே கை அசந்துபோச்சி. இன்னையோட போவட்டும், டேசனுக்குச் சொல்லி அனுப்பலாம்னு நெனச்சன். சத்தியமாச் சொல்றன், அவுத்து வுடத்தான் நெனச்சன். அந்த நேரம் பாத்து கெடைக்காரரு வராரு. வந்தவரு வாயை மூடிக்கினு போவக் கூடாது? 'என்னாங்க இது அநியாயமா இருக்குது? ஆடு எறங்கி நாலு நாளாச்சி. தப்புக் கொட்டை பொறுக்க வந்தவனையா கட்டி வச்சி அடிக்கறீங்க?'ன்னாரு. அத்தனை பேரு நடுவுல. எல்லாரும் அடிக்கறதை நிறுத்திட்டு என் முகத்தைப் பாக்கறானுங்க. மேக்கால பாதிதான்யா வுட்டன்னு சொன்னன். ஒருத்தன் சிரிச்சான். எவன்னு தெரியல, ஒருத்தன் சிரிச்சான் தம்பி.

என் கொல்லையில, என் களத்துல, என்னைப் பொய்யனாக்கினா கை சும்மா இருக்குமா? ஆடு எறங்கிடிச்சின்னா திருட்டு இல்லன்னு ஆயிடும். திருட்டு இல்லன்னா அதுவரைக்கும் வுழுந்த அடி எதுக்கு? சொல்லுங்க. அப்படியே வுட்டுட்டுப் போனா நானில்ல குத்தவாளி? பாம்பை அடிச்சா பாதியில வுடக் கூடாது. தொரட்டியைத் திருப்பிப் புடிச்சி, அடிக்கட்டையால ஒண்ணு. மண்டையில. ஒண்ணே ஒண்ணுதான். தேங்கா ஒடையற சத்தம். தலை தொங்கிப்போச்சி. நடிக்கறான்னு நெனச்சன். மூக்குலேர்ந்து வந்த ரத்தம் பலாமரத்து வேர்ல எறங்கிக்கினே இருக்குது, அவன் கண்ணு தொறந்தே இருக்குது.

ஆசுபத்திரிச் சீட்டுல மண்டையில அடின்னு போட்டிருக்கான். நான் வக்கீலுகிட்ட சொன்னன், அடியில சாவல, கொட்டைப் பாலு தொண்டையை அடைச்சிட்டுது, அதுலதான் செத்தான்னு. அந்தக் கொட்டை அவன் எடுத்த கொட்டை. நானா எடுக்கச் சொன்னன்?

நாப்பது நாளு உள்ள இருந்துட்டு வந்தன். வந்து பாத்தா எம்மவன் பாதியா எளைச்சிக் கெடக்கறான். சோறு எறங்கல. படுத்தா திடுக்குன்னு எழுந்து ஒக்காந்துக்கறானாம். புதுசா ஒரு பைக்கு வாங்கினான், சித்திரையிலதான், அவன் மாமனாரு ஒதவி பண்ணினாருன்னு சொன்னான். அதைக் கூட தொடறதில்ல. துருப்புடிச்சி நிக்குது. பலாமரத்துப் பக்கம் போவவே மாட்டங்கறான். காத்து கருப்பு அடிச்சிருக்குது. அந்தச் செத்தவன் ஆவிதான், வேற என்னா? மந்திரிச்சிக் கயிறு கட்டினன், கேக்கல. ஒரு நாளு என் முன்னால வந்து நின்னு, 'அப்பா, என்னை அடிச்சிடுப்பா'ன்னான். எதுக்குடான்னு கேட்டன். அழுதுக்கினே போயிட்டான். அப்பனுக்கு வந்த கஷ்டத்தைத் தாங்க முடியல அவனால. அந்த மாதிரி புள்ளை யாருக்குக் கெடைக்கும்!

இப்பப் புரியுதா? ஏற்கெனவே அரை உசுரா இருக்கற புள்ளை. இதுல இவ வேற போயி பிராதைக் கட்டினா தாங்குமா? காலையில பஸ் ஸ்டாண்டுல இவளை மஞ்சத் தடவின காயிதத்தோட பாத்தன். காலனி வாத்தியாருதான் எழுதிக் குடுத்திருப்பாரு. வுழுந்தடிச்சிப் பின்னாடியே ஏறிட்டன். அவ பொண்ணு படிப்பை நான் பாத்துக்கறன்னு சொல்லுங்க தம்பி. செத்தது செத்துப்போச்சி, திருடனோட பொண்டாட்டிக்கு இவ்வளவு செய்யறதே பெருசுன்னு சொல்லுங்க. இல்ல, அந்தத் திருடன்கற வார்த்தை வாணாம். நீங்களா பாத்து நயமாச் சொல்லுங்க. கோயில் வந்துட்டுது. அந்தா கோபுரம் தெரியுது பாருங்க. எழுந்திரிங்க தம்பி. போங்க.

இருங்க. திரும்பிப் பாக்கறா.

"காத்தமுத்து."

பேரு சொல்றா பாருங்க. பன்னண்டு வருசமா ஐயா ஐயான்னு கூப்புட்டவ.

"இது பிராது இல்ல. வாபஸ் காயிதம். எம்புருசன் கட்டின பிராது வேல்லயே கெடக்குது. மூட்டை எடுத்தவனைச் சாமிதான் கேக்கணும்னு எழுதியிருக்கு. இன்னும் மூணு நாளு இருக்குது."

அவன் நெசமாவே கட்டினானா? சரி கட்டட்டுமே. மூட்டை எடுத்தவனே அவன்தானேம்மா. தம்பி, நீங்க சாட்சி, நான் அவகிட்ட பேசல, அவளா பேசறா.

"உம்மவன் அஞ்சு நாளைக்கு முன்ன எங்க வாசல்ல வந்து வுழுந்தான். நான்தான் எடுத்தன், வண்டிக்காவ எடுத்தன், மாட்டிக்குவன்னு பயந்து உம்புருசனைக் காட்டிக் குடுத்தன்னு மண்ணுல பொரண்டு அழுதான். உங்கிட்டச் சொன்னா நீ அடிச்சே கொன்னுடுவன்னான்."

பொய்யி. பொய்யி தம்பி. வயித்து வலின்னு படுத்திருந்தான், பூட்டு கூட... பூட்டு ஒடையல.

"அவன் பொண்டாட்டி வயித்தைத் தள்ளிக்கினு போறதைப் பாத்தன். என்னை மாதிரி அதுவும் நிக்க வாணாம்னுதான் வாபஸ் வாங்கலாம்னு கெளம்பினன். வழியெல்லாம் நீ பேசினதைக் கேட்டுக்கினே வந்தன். ஒரு சொட்டுத் தண்ணி. அதைத் தட்டி வுட்டது அவரு நல்லதுக்காம். என் மவனா இருந்தாலும் அதே அடிதான்னியே. நீ எதுக்கு அடிக்கணும்? சாமி அடிக்கட்டும்."

முன்னால திரும்பிட்டா. 

பஸ்ஸு நின்னுடிச்சி. கண்டக்டரு கூப்புடறான், கோயில் எறங்கறவங்கல்லாம் வாங்கங்கறான். எல்லாரும் எறங்கறாங்க. அவ எழுந்திரிக்கல. தம்பி, அவ எழுந்திரிக்கவே இல்ல. யம்மா அஞ்சலாட்சி! தாயே! ஜாமீன் போவட்டும், என்னைத் தூக்குல கூடப் போடட்டும். எழுந்திரிம்மா. அவன் சின்னப் பையன்ம்மா, ஆறு மூட்டைதானே, ஆறு மூட்டைக்கு யாராச்சும் உசுரை எடுப்பாங்களா? யோவ் கண்டக்டரு, விசிலு அடிக்காதய்யா, ஆளு எறங்கணும், ஒரு ஆளு எறங்கணும்!

தம்பி, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா. எறங்கச் சொல்லுங்க தம்பி.